ஏழாவது மரபணு

"மேடம், நான் ஊருக்குப் போறேன்," என்றார் இருதயராஜ். கையில் பை இருந்தது.

பேராசிரியை நப்பின்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த இருதயராஜ் அவரைவிட எட்டு வயது மூத்தவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர், சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்திருந்தார். யாராவது கேட்டால், "சும்மா ஒரு ஆசை" என்பார்.

ஆசையாவது மண்ணாவது. கறுப்புப் பூஞ்சை அவர் மனைவி ஸ்டெல்லாவின் ஒரு கண்ணைக் கொண்டுபோயிருந்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தைப் பூஞ்சையிடமிருந்தே பிடுங்காமல் விடுவதில்லை என்று கிளம்பி வந்தவர் அவர்.

"என்ன சார் ஆச்சு?"

"மறுபடியும் செத்துப்போச்சு மேடம்."

எல்லாம் கொல்லிமலையில் ஒரு கறையான் புற்றிலிருந்து எடுத்த பூஞ்சையில் தொடங்கியது. அதன் மரபணுக்களைப் படித்தபோது, யாரும் இதுவரை காணாத ஒரு பொருளைத் தயாரிக்கும் மரபணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆய்வகத்தில் அந்தப் பூஞ்சை ஒரு துளிகூடத் தயாரித்துக் காட்டவில்லை. வித்தையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு வீம்பு.

நீ செய்யாவிட்டால் போ என்று, இருதயராஜ் அந்த மரபணுக்களை எடுத்து, சொன்ன பேச்சு கேட்கும் வேறொரு பூஞ்சைக்குள் வைத்தார். அந்தச் சாதுப் பூஞ்சையோ வைக்க வைக்கச் செத்தது.

"எல்லாமே சாகுதா?"

"ஒண்ணு ரெண்டு பிழைக்குது. அதைத்தான் கண்ணும் கருத்துமா வளர்த்துத் தேடுறேன். உள்ளே சரக்கே இல்லை."

"செத்தது?"

"கொதிக்கவச்சுக் கொட்டிடுவேன். செத்ததை வச்சு என்ன பண்றது?"

"மொத்தம் எத்தனை மரபணு எடுத்து வச்சீங்க?"

"ஆறு."

"புற்றுப் பூஞ்சையில ஏழு இருந்ததே?"

"ஏழாவது சும்மா உட்கார்ந்திருக்கு மேடம். அந்தப் பொருளைத் தயாரிக்கிறதுல அதுக்குப் பங்கே இல்லை. எதுக்கு வீணா சுமக்கணும்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "ஸ்டெல்லாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் கேட்கலை. அதுதான் தாங்க முடியலை."

நப்பின்னை எழுந்துபோய், மூலையில் கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி, டிகாஷன் கலந்து, டம்ளர் நிறையக் காபி ஊற்றினார். டவராவை அலமாரியிலேயே விட்டுவிட்டு, டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

இருதயராஜ் வெறுங்கையால் வாங்கினார்.

அடுத்த நொடி டம்ளர் தரையில் உருண்டது. காபி மேசைக்கால் வரை ஓடியது.

"ஐயோ!"

"ஏன் சார் கீழே போட்டீங்க? காபி இல்லையா அதுல?"

"காபி இல்லாமலா இப்படிச் சுடும்? டவரா இல்லாம இதை எப்படி மேடம் பிடிக்கிறது?"

"டவரா எதுக்கு சார்? காபி போடுறதுல அதுக்குப் பங்கே இல்லையே."

இருதயராஜ் விரல்களை ஊதிக்கொண்டிருந்தார்.

ஊதுவதை நிறுத்தினார்.

உருண்டு கிடந்த டம்ளரைப் பார்த்தார். அலமாரியிலிருந்த டவராவைப் பார்த்தார்.

"குழாயில கையைக் காட்டுங்க சார், கொப்புளம் வந்துடும்," என்றார் நப்பின்னை மெதுவாக.

இருதயராஜ் காதில் அது விழவில்லை. வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"செத்ததுலதான் சரக்கு இருக்கு மேடம், ஏழாவதுதான் டவரா! இன்னைக்குச் செத்ததை இன்னும் கொதிக்க வைக்கலை!"

ஊருக்குப் போகும் பை நாற்காலி ஓரத்தில் கிடந்தது.