நாச்சிமுத்து தேடிய எதிராளி

குரு என்றால் தாடியும் மரத்தடியும் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. இந்தக் கதையில் வரும் குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் பல் டாக்டர். சீடருக்கு ஐம்பத்துநாலு வயது. பெயர் நாச்சிமுத்து. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சீடர் குருவை ‘அம்மணி’ என்பார், குரு சீடரை ‘அண்ணா’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

இவர்களைச் சேர்த்து வைத்தது கார் பந்தயம். நிஜக் கார் அல்ல, கம்ப்யூட்டரில் ஓடுகிற கார். அமெரிக்காக்காரர்கள் ஸ்டாக் கார் என்று ஒன்றை ஓட்டுவார்களே, முட்டை வடிவத் தடத்தில் கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருமே, அந்தப் பந்தயம். அதை வீட்டில் உட்கார்ந்துகொண்டே இன்டர்நெட்டில் பல ஊர்க்காரர்களோடு ஓட்டலாம். நாச்சிமுத்து அதற்காக ஸ்டீயரிங், பெடல், சீட் எல்லாம் வாங்கி மாடி அறையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். “இடது பக்கமே திரும்பறதுக்கு இத்தனை பெரிய ஸ்டீயரிங்கா?” என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டார். நாச்சிமுத்து இன்னொரு போல்ட்டை முடுக்கினார்.

கோகிலவாணி அந்த ஆட்டத்தில் பெரிய கை. சனிக்கிழமைதோறும் ஒரு லீக் நடத்துகிறார். அதில் இருப்பவர்கள் கதவோடு கதவு உரச ஒரு சுற்று முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவார்கள், யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். நாச்சிமுத்து அதை ஒருமுறை வேடிக்கை பார்த்தார். பார்த்த நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த லீக்கில் ஒரு சீட்டு வேண்டும். சமீப காலத்தில் அவர் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆசைக்குக் காரணம், அவர் இன்டர்நெட்டில் தினமும் ஓட்டிய பொது ரூம். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதுதான் பொது ரூம். நுழைகிறவர்களும் அதை நிரூபித்துவிட்டுத்தான் வெளியே போவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில், இல்லாத பல்வலியைச் சொல்லிக்கொண்டு நாச்சிமுத்து கிளினிக்குக்கு வந்தார்.

“அம்மணி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நல்ல எதிராளி எங்க கெடைப்பான்?”

“வாயத் தொறங்கண்ணா.”

“நேத்து மொத வளைவுங்க. இன்னும் கியர்கூட மாத்தல. ஒருத்தன் பின்னால வந்து…”

“ஆ காட்டுங்க.”

காட்டினார். கோகிலவாணி சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பார்த்தார். எடுத்ததும் சீடர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

“…ஒரே இடி. நானு செவுத்துல. அவன் செவுத்துல. பின்னால வந்த எட்டுப் பேரு எங்க மேல. இதுக்கா நானு மத்தியானச் சோத்த அவசர அவசரமா முழுங்கிட்டு வந்து உக்கார்றது? ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியலீங். ஒருத்தனுக்கும் பொறுமையில்லீங். உங்க லீக்குல ஒரு எடம் காலியாச்சுன்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமாங்க. ஒரு சீட்டு இருக்குது.”

“அத எனக்குக் குடுத்துருங்க. நல்ல ஆளுங்க அங்கதான் இருக்காங்க.”

கோகிலவாணி கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

“பொது ரூம்ல இருந்து ஒருத்தரக் கூட்டிட்டு வாங்கண்ணா. மாசக் கடைசி ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் எங்க தடத்துல நாப்பது சுத்து ஓட்டுங்க. மொதல்ல வர்றவருக்கு சீட்டு.”

“யார வேணும்னாலுமா?”

“யார வேணும்னாலும். ஆனா ரெண்டு காரும் அடிபடாம முழுசா வந்து சேரணும். நாங்க வெச்சிருக்கற நேரத்துக்குள்ள வரணும். இல்லைன்னா சீட்டு ரெண்டு பேருக்கும் இல்ல. பேரு சொல்லிட்டா மாத்தக் கூடாதுங்க.”

“எதுக்கு மாத்தறேன்!” என்றார் நாச்சிமுத்து. எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் பெயரையும் சொல்லிவிட்டார். “கில்பர்ட் மச்சாது. தூத்துக்குடிக்காரன்.”

படி இறங்கும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பல்லைப் பிடுங்கத் தெரிந்த பெண்ணுக்குச் சூதுவாது தெரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பொது ரூமிலேயே மோசமான ஓட்டுநர் இந்தக் கில்பர்ட்தான். அவர் கார் வருகிறது என்றால் மற்றவர்கள் ஆம்புலன்சுக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்குவார்கள். ஒதுங்கினாலும் தேடி வந்து இடிப்பார். இடித்த கையோடு மைக்கில், “மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி, கை நழுவிட்டு” என்பார். அவரை ஜெயிக்க நாச்சிமுத்துவுக்கு ஒரு கை போதும்.

அன்று சாயங்காலமே அவருக்குப் புத்தி வந்தது.

இந்தப் பந்தயத்தில் ஒரு சங்கதி உண்டு. முன்னால் போகும் கார் காற்றைப் பிளந்துகொண்டு போகும். பின்னால் ஒட்டி வருகிற காருக்குக் காற்றின் தடை இல்லை. முன்னால் போகிற காரையும் காற்று முதுகில் பிடித்து இழுக்காது. இரண்டும் சேர்ந்தால் ஓடுகிற வேகத்தைத் தனிக் கார் எட்டவே முடியாது. லீக் வைத்திருந்த நேரமோ இரண்டு கார்கள் கடைசிவரை ஒட்டிப் போனால் மட்டும் தொடக்கூடிய நேரம். அதாவது நாற்பது சுற்றும் கில்பர்ட் உயிரோடு இருக்க வேண்டும், அதுவும் நாச்சிமுத்துவின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி.

“அட சாமி!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கில்பர்ட்டுக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. அவர் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். நாற்பது வயதிருக்கும். “நம்மள ஒருத்தரு கூப்பிட்டது இதுதான் மொத தடவ அண்ணாச்சி. நம்ம காரக் கண்டாலே எல்லாரும் ரூம விட்டு ஓடிருதாவ” என்றார்.

“ஏன் ஓடறாங்கன்னு எப்பவாச்சும் யோசிச்சீங்களா?”

“வேல இருக்கும்லா?”

நாச்சிமுத்து மைக்கை அணைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு மறுபடி போட்டார்.

முதல் நாள் கில்பர்ட் மூன்றாவது சுற்றில் சுவரில் ஏறினார். இரண்டாம் நாளும் அதே சுவர், அதே வளைவு. அதற்கடுத்த நாள் நாச்சிமுத்துவையும் கூட்டிக்கொண்டு ஏறினார். வாரம் ஓடிற்று. சுவருக்கும் கில்பர்ட்டுக்கும் ஏதோ முன்ஜென்மத் தொடர்பு இருக்கும்போலிருந்தது.

நாச்சிமுத்து கிளினிக்குக்குப் போன் போட்டார்.

“அம்மணி, என்னால முடியல. பேர மாத்திக்கறேன்.”

“மாத்தக் கூடாதுங்களே.”

“அவனுக்குக் கண்ணு தெரியாதுங்க! நானு உள்பக்கமா ஏறுனா, எனக்கே எடம் இல்லாதப்ப என்ற மேல வந்து விழறான். வெளிய போனாலும் விழறான்.”

“நீங்க ஏறறது அவருக்குத் தெரியுங்களா?”

“அதெப்படித் தெரியாம இருக்கும்? நானு அங்கதான இருக்கறேன்?”

“பேஷண்ட் இருக்காருங்கண்ணா” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

குரு என்றால் கொஞ்சமாவது விளக்கம் சொல்ல வேண்டாமா? நாச்சிமுத்துவுக்கு எரிச்சலான எரிச்சல். ஆனாலும் அன்று சாயங்காலம் பந்தயம் ஓடும்போது அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆட்டத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் திரையில் தெரியும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் கார் தெரியாது. நிஜப் பந்தயத்தில் மேலே நின்று பார்க்கிற ஆள் ஒருவர், பக்கத்தில் கார் இருக்கிறது என்று ஓட்டுநரின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். நாச்சிமுத்துவின் கம்ப்யூட்டரிலும் காசு கொடுத்து வாங்கிய ஒரு குரல் அதைச் சொல்லும். கில்பர்ட் அப்படி எதையும் வாங்கியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

“யோவ் கில்பர்ட்டு, நானு பக்கத்துல வர்றது உனக்கு எப்பத் தெரியும்?”

“இடிச்ச பொறவு அண்ணாச்சி.”

வேறு வழியில்லை. நாச்சிமுத்துவே வாயைத் திறந்தார். “உள்பக்கம் வந்துட்டேன். இருக்கறேன். இன்னும் இருக்கறேன். இன்னும்… தாண்டிட்டேன், வா.” ஒவ்வொரு வளைவிலும் இதே பாட்டு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கீழே இருந்து அவர் மனைவி, “யாருகிட்ட இருக்கறேன் இருக்கறேன்னு உயிரோட இருக்கற கணக்குச் சொல்லிட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஆனால் கில்பர்ட் அன்று சுவரில் ஏறவில்லை. முதன்முறையாக ஒரு பந்தயத்தைக் கடைசிக் கோடுவரை ஓட்டினார். ஓட்டி முடித்ததும் மைக்கில், “அண்ணாச்சி, அங்ஙன ஒரு கொடி ஆட்டுதான் பாத்தியளா? நான் அத முன்னபின்ன பாத்ததே இல்ல” என்றார். நாச்சிமுத்துவுக்குத் தொண்டை வலித்தது. எரிச்சலும் இருந்தது. எரிச்சலோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது, அது என்னவென்று அவர் பார்க்கப் போகவில்லை.

மிச்ச நாட்களில் கில்பர்ட் வேகவேகமாகத் தேறினார். பயம் விட்டுப் போயிற்று. மெஷினோடு புழங்குகிறவர் அல்லவா, காது கூர்மை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே காலை எடுக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து பின்னால் எவ்வளவு நெருங்கினாலும் கோடு போட்டதுபோல ஓட்டினார். பதிலுக்குத் தானும் சொல்லப் பழகிக்கொண்டார். “வெளிப்பக்கம் நிக்கேன் அண்ணாச்சி. நிக்கேன். தாண்டிட்டேன்.”

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை லீக் முழுவதும் இன்டர்நெட்டில் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. நாச்சிமுத்து குளித்து, திருநீறு பூசி, மனைவியை மாடிக்கு வரக்கூடாதென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இருவரும் ஒட்டியே ஓட்டினார்கள். கொஞ்ச தூரம் இவர் முன்னால், கொஞ்ச தூரம் அவர் முன்னால். லீக் வைத்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் நாச்சிமுத்து முன்னால் இருந்தார். கடைசி வளைவு. இந்தத் தடத்தில் வெளிப்பக்கமாக யாரும் தாண்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும். உள்பக்கத்தை அடைத்துக்கொண்டு, சீட்டு கையில் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

காதில் மெதுவாகக் குரல் கேட்டது.

“வெளிப்பக்கம் நிக்கேன் அண்ணாச்சி.”

நாச்சிமுத்து பெடலைத் தரையோடு அழுத்தினார்.

“இன்னும் நிக்கேன்.”

ஒரே ஒரு நொடி, ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு வலது பக்கம் திருப்பினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. கில்பர்ட் சுவரில் ஏறுவார். சீட்டு யாருக்கும் இல்லை, ஆனால் தோற்கவும் வேண்டாம். கை அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் கோபப்படுவார்.

“தாண்டிட்டேன் அண்ணாச்சி.”

கொடி கில்பர்ட்டுக்கு ஆடியது.

மறுநாள் கிளினிக் திறக்கும்போதே நாச்சிமுத்து வாசலில் நின்றார். இந்த முறை பல்வலி என்ற சாக்குகூடச் சொல்லவில்லை.

“இது நாயமுங்களா அம்மணி? நல்ல எதிராளி எங்க கெடைப்பான்னு உங்ககிட்டக் கேட்டேன். நீங்க என்னடான்னா என்ற சீட்டத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டீங்க. பிரேக் எதுன்னு தெரியாதவனுக்கு நானு சொல்லிக் குடுத்தேனுங்க. தொண்ட போச்சுங்க. ஒரு மாசம் வீட்டுல பேச்சு வாங்குனேன். கடைசில என்ற வளைவுலயே, அதும் வெளிப்பக்கமா! அங்க யாருமே போனதில்ல. எப்புடிப் போனான்? எனக்கே தெரியல.”

“உக்காருங்கண்ணா.”

“உக்கார மாட்டேன். அவன் அதோட உட்டானா? ஜெயிச்ச கையோட மைக்குல என்ன கேக்கறான் தெரியுமா? ‘நாளைக்கும் சாயங்காலம் வாரியளா அண்ணாச்சி’ங்கறான்! எத்தன கொழுப்பு இருக்கணும்?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

நாச்சிமுத்து சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தைப் பார்த்தார்.

“வர்றேன்னு சொல்லித் தொலைச்சேன்.”

“எதுக்குங்க?”

“எதுக்கா? அவன அப்படியே உட்டுற முடியுங்களா? வெளிப்பக்கமா வர்றவனுக்கு மூணாவது வளைவுலயே ஒரு மருந்து வெச்சிருக்கறேன். விடிய விடிய அதே நெனப்புங்க. காலைல காப்பி ஆறிப் போச்சு, அதுகூடத் தெரியல. இன்னும் சாயங்காலம் ஆகமாட்டேங்குது.”

கோகிலவாணி கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்புறம் உங்களுக்கு லீக்கு எதுக்குங்கண்ணா?”