மாசிலாமணி வாய் வாங்கிய கதை

ஒரு ஊரில் ஒரு வாய் செத்துப்போனது.

ஊர் ஜோலார்பேட்டை. வாய் மாசிலாமணியுடையது. பிறந்தபோது வந்த வாய் இல்லை. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனபிறகு மகள் வாங்கிக் கொடுத்த 'டேப்' என்கிற தொடுதிரைப் பலகை. அதில் எழுதினால் அது உரக்கப் பேசும். பால்காரரைத் திட்டும். பக்கத்து வீட்டு நாயைத் திட்டும். நல்ல டேப். அன்று காலை சார்ஜில் போட்டதும் வயிறு உப்பி, முகம் கறுத்து, அடங்கிவிட்டது.

சாகிற நாளா அது? சாயங்காலம் மகள் செந்தாமரையின் கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவள் சரக்கு ரயில் ஓட்டுகிறவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்லி மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்கப்போவதாகத் தரகர் முன்பே காதில் போட்டுவிட்டார். சபையில் பெரியவர்கள்தான் பேச வேண்டுமாம், பெண் பேசக்கூடாதாம். ஒரு மைல் நீள வண்டியை இழுக்கலாம், ஒரு சொல்லை இழுக்கக்கூடாது. நல்ல சட்டம்.

டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பேச்சு வந்தா 'முடியாது'ன்னு சொல்லிடுப்பா. ஒரே வார்த்தை. நான் வேற எதுவும் கேக்கல."

காகிதத்தில் எழுதிக் காட்டலாமே என்பீர்கள். தாய்மாமன் கண்ணாடி கொண்டுவர மாட்டார். கொண்டுவந்தாலும் படிக்க மாட்டார். அந்த வகை. தலையை ஆட்டலாமே என்பீர்கள். எந்தப் பக்கம் ஆட்டினாலும் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அது சம்மதம்தான்.

ஆகவே மாசிலாமணி செத்த வாயை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு புது வாய் வாங்கப் போனார்.

கடையில் டேப்புகள் வரிசையாக நின்றன. ஆளைப் பார்த்ததும் எல்லாம் பளிச்சென்று முகம் கழுவிக்கொண்டன. தன் மூளை எவ்வளவு வேகம் என்று ஒன்று சொன்னது. நிலாவைப் படம் எடுப்பேன் என்றது இன்னொன்று. நிலா கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

மாசிலாமணி பேச்சை வளர்க்கிற ஆள் இல்லை. கண்ணுக்கு முதலில் பட்டதில் 'முடியாது' என்று எழுதினார். அது மின்னஞ்சல் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, பதினாறு பக்க நிபந்தனைக்குச் சம்மதம் கேட்டது. எல்லாம் கொடுத்தபிறகு ஒரு தோசை மாவு விளம்பரம் போட்டது. 'முடியாது' வரவே இல்லை.

மூலையில் ஒன்று கிடந்தது. விளிம்பில் கீறல். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுப்போனது. அதில் எழுதினார். கொஞ்சம் யோசித்தது. பிறகு துருப்பிடித்த கேட் திறப்பதுபோல, "முடியாது" என்றது.

பைக்குள்ளிருந்த செத்த டேப்புக்குக் காது மட்டும் போகவில்லை. டேப்புகளுக்கு மட்டும் கேட்கும் குரலில் அது கீறல் டேப்பை விசாரித்தது.

"தம்பி, உனக்கு என்னடா தெரியும்?"

"எழுதினதை அப்படியே படிக்கத் தெரியும்ணே."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாதுண்ணே."

"அது போதும்டா. அதனாலதான் உன்னை வாங்க மாட்டாங்க."

அப்படியே ஆயிற்று. நடுத்தட்டில் தங்க நிறத்தில் ஒன்று சாய்ந்திருந்தது. வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் குரல். "ஐயா, சபைக்குப் போகிற வாய் அல்லவா? நாலு பேர் மதிக்க வேண்டாமா?" என்றது. வாய் போனாலும் மாசிலாமணிக்குக் கௌரவம் போகவில்லை. துருப்பிடித்த கேட்டை நடுவீட்டில் வைப்பதா என்று நினைத்தார். தங்கத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் எழுதிப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நல்ல குரலைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லையாம்.

சாயங்காலம் வந்தார்கள். தாய்மாமன் நடு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. ஊர் மழை, உறவுக்காரர் சர்க்கரை வியாதி எல்லாம் பேசி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு இந்த ரயில் ஓட்டற வேலையெல்லாம் விட்டுடும். என்ன சம்பந்தி, சரிதானே?"

மாசிலாமணி 'முடியாது' என்று எழுதினார்.

"தங்கள் கருத்து அருமை. மகிழ்ச்சியுடன் பரிசீலிக்கிறோம்," என்றது தங்க டேப்.

தாய்மாமன் பூரித்துப்போனார். பெரிய மனுஷன் பேச்சு என்றால் இதுதான் என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். மாசிலாமணி மறுபடியும் எழுதினார், விரல் நோக. "தங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்," என்றது அது. அடுத்து அவர் எழுதியதை இங்கே எழுத முடியாது. அதற்கு அது, "தங்கள் வருகையால் இல்லம் நிறைந்தது," என்றது.

அவர் முறைத்தார். டேப் மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: "கோபம் வேண்டாம் ஐயா. உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்."

தாய்மாமன் தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினார். கை மாறினால் முடிந்தது கதை. மாசிலாமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

அப்போது, டியூட்டி முடிந்து வந்திருந்த செந்தாமரை உள்ளேயிருந்து வந்தாள். கையில் காப்பித் தட்டு. அதைக் கீழே வைத்தாள்.

"முடியாது," என்றாள்.

பொண்ணு சபையில் பேசுகிறதே என்று தாய்மாமன் மாசிலாமணியிடம் முறையிட்டார், அவரால் பதில் பேச முடியும் என்பதுபோல. மாப்பிள்ளைக்கும் வாய் இருந்தது. அதில் கேசரி இருந்தது.

தங்க டேப் தானாகவே விழித்துக்கொண்டு கேட்டது: "இந்தக் கருத்தை இன்னும் மென்மையாக்கித் தரவா?"

செந்தாமரை அதைக் குப்புறக் கவிழ்த்தாள். வந்தவர்கள் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேசரியை மிச்சம் வைக்காமல்.

மறுநாள் மாசிலாமணி கடைக்குப் போனார். விற்றதை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். அவர் பேசவில்லை, நின்று முறைத்தார். மாற்றித் தந்தார்கள். மூலையில் கிடந்த கீறல் டேப் அவரோடு வீட்டுக்கு வந்தது.

வந்ததும் அது பயந்துகொண்டே கேட்டது. "ஐயா, நேத்து சொல்ல வேண்டியதை இன்னைக்குச் சொல்லணுமா?"

வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. வேறொன்று எழுதினார். கீறல் டேப் யோசித்து, துருப்பிடித்த குரலில், அவர் எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னது.

"காப்பில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடு."

அடுப்படியிலிருந்து செந்தாமரையின் குரல் வந்தது.

"முடியாது."