அப்பா பேரை எடுத்தாச்சு

கோயமுத்தூர் பம்ப் கம்பெனி முதலாளி ரங்கநாயகம் வாயைத் திறந்தால், "நான் உங்களுக்கெல்லாம் அப்பா மாதிரி" என்பார். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஏறியதும் ஆட்களைக் கூட்டினார்.

"இனி கம்பெனி பாலிசியில அப்பா, அம்மாவுக்கு இடமில்லை. கம்பெனிக்கு மிச்சம், கை தட்டுங்க!"

பயந்துபோய்த் தட்டினார்கள். கேண்டீனில் டீ போடும் பாவாத்தாள் மட்டும் கண்ணைத் துடைத்தாள். அவள் அம்மாவுக்கு அடுத்த வாரம் கண் ஆபரேஷன்.

"அம்மாவுக்காக அழறியா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க, உங்களுக்காகத்தான். மூட்டு ஆபரேஷனை இதே பாலிசியிலதானே பண்றதா இருந்தீங்க? எங்க எல்லாருக்கும் அப்பா நீங்க. உங்க பேரும் போயிடுச்சே!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் முதலாளிக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கே பெற்றோரையெல்லாம் திரும்பச் சேர்த்தார்.

இப்போது, "நான் உங்களுக்கு அண்ணன் மாதிரி" என்கிறார். பாலிசியில் அண்ணனுக்கு என்றைக்குமே இடமில்லை என்று பாவாத்தாள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.