பினாங்குக்குப் போன மூன்று கேள்விகள்

கொக்கனூர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி கேட்பவர்கள். அந்த ஊரைப் பிடித்த சனியனே அதுதான்.

ஊர் எல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. சுளை ஒவ்வொன்றும் தேன். அது தங்கள் மரம் என்று பக்கத்து மேலக்குடிக்காரர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள். மரத்தை நட்ட சின்னாண்டியோ எப்போதோ கப்பலேறி, பினாங்கில் மளிகைக் கடை வைத்துவிட்டார். அவர் சாட்சி சொன்னால்தான் மரம் தங்கும்.

வழக்கை விசாரித்த முன்சீப், பினாங்குக் கோர்ட்டில் சின்னாண்டியிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். உங்கள் பெயர் என்ன? பலாமரத்தை நட்டது யார்? எந்த ஊர் மண்ணில் நட்டார்?

"பினாங்கில் இந்த மூன்றைத் தவிர வேறு கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் சாட்சியம் செல்லாது" என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

ஊர்த்தலைவர் பெத்தபெருமாள் அந்தத் தாளை மடியில் செருகிக்கொண்டார். அந்தச் சுளை தின்று வளர்ந்த உடம்பு அது. சங்கிலியையும் மொக்கையனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்.

பினாங்கில் இறங்கியதும் சங்கிலி சொன்னான்: "அண்ணே, சின்னாண்டி கடை எங்கேன்னு யாரையாவது கேளுங்க."

பெத்தபெருமாள் அவன் வாயைப் பொத்தினார். "அடப்பாவி! 'எங்கே'ங்கிறது நாலாவது கேள்விடா. மரம் போயிடும்."

"அப்புறம் எப்படிண்ணே போறது?" என்றான் மொக்கையன்.

"இதுவும் கேள்விதான்டா!"

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார்கள்.

பசி வந்தது. ஒரு தமிழர் கடையில் போய் உட்கார்ந்தார்கள். "என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். சோறு இருக்கிறதா என்று கேட்கப் பெத்தபெருமாளின் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"பலாமரத்தை நட்டது யார்?"

"பலாப்பழம் இல்லீங்க. இட்லிதான் இருக்கு."

"எந்த ஊர் மண்ணில் நட்டார்?"

"இட்லியை யாருங்க நடுவாங்க?" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

வேறு வழியில்லை. ரிக்‌ஷாக்காரர், போலீஸ்காரர், சீனத் துணிக்கடைக்காரர் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அதே மூன்று கேள்விகளைக் கேட்டபடி நடந்தார்கள். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு நரைமீசைக்காரர் வந்தார்.

"யாருய்யா என் பலாமரத்தைப் பத்திக் கேக்கிறது? நான்தான் நட்டேன்! கொக்கனூர் மண்ணுலதான் நட்டேன்! அட, நம்ம பெத்தபெருமாளு! ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

சின்னாண்டியேதான். பெத்தபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உங்கள் பெயர் என்ன?"

சின்னாண்டி பினாங்குக் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியம் முத்திரையோடு முன்சீப்பிடம் வந்து சேர்ந்தது. மரம் கொக்கனூருக்கே என்று தீர்ப்பாயிற்று. ஊரே கோர்ட் வாசலில் குதித்து ஆடியது.

மேலக்குடிக்காரர்கள் துண்டை உதறினார்கள். "இதோட விடுவோம்னு நினைக்காதீங்க. மேல் கோர்ட்டுக்குப் போறோம்!"

ஆட்டம் நின்றது. பெத்தபெருமாள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மேலே ஓட்டுக்கூரை தெரிந்தது.

"அவங்க ஏறுறதுக்குள்ள நாம ஏறிடணும்டா!"

சாயங்காலம் முன்சீப் வெளியே வந்தபோது, கூரைமேல் கொக்கனூரே கைகட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் உடனே கீழே இறங்குங்கள்! இது கோர்ட் உத்தரவு!" என்று கத்தினார்.

பெத்தபெருமாள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் குனிந்து சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க எசமான். மேல் கோர்ட்டுல இருக்கிறவங்களுக்குக் கீழ்க் கோர்ட்டு உத்தரவு போட முடியாதுங்களே!"