ஒரு மைக்ரான் ஸ்கேல்

கோவை கணபதியில், கார் ஷெட்டில் உலோகம் வெட்டும் மெஷின் வைத்துப் பழகுகிறவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். யாருக்கும் அது பிழைப்பில்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் தமிழாசிரியர், நான் தபால் இலாகா.

எங்களுக்குக் குரு கோகிலவாணி. வயது நாற்பது. பட்டறை பட்டறையாகப் போய், மெஷின் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணில் காட்டும் டிஜிட்டல் ஸ்கேல் மாட்டித் தருவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் டீ.

சீடர்களில் மூத்தவர் ஆறுச்சாமி. அறுபத்தாறு வயது. வானிலை அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் மழையையும் காற்றையும் அளந்தவர். தொப்பலாக நனைந்து வந்தாலும், மழைமானியைப் பார்த்த பிறகுதான் மழை பெய்ததாக ஒப்புக்கொள்வார்.

அவர் மனைவி சாரதாமணிக்குத் தை மாதம் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கைதான் எதையும் பற்றாமல் போய்விட்டது. கடையில் விற்கிற வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அதனால் இடது முழங்கையை வைத்துக்கொள்ள ஒரு தாங்கியும், அதை வாக்கரோடு சேர்க்க ஒரு கீலும் தன் சின்ன மில்லிங் மெஷினில் தானே செய்துவிட ஆறுச்சாமி முடிவு செய்தார். அந்த மெஷினில் கத்தி நின்ற இடத்தில் சுழலும், துண்டைப் பிடித்திருக்கும் டேபிள்தான் நகரும். இந்த மாதத்துக்குள் நடக்க ஆரம்பிக்காவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு ஆறுச்சாமி கேட்டார்.

"அம்மணி, மிஷினுக்கு அஞ்சு மைக்ரான் ஸ்கேல் போடறதா, ஒரு மைக்ரான் போடறதா?"

"என்ன வேலைக்குங்க சார்?"

"சாரதாவோட கீலுக்கு."

"அஞ்சே சாஸ்திங்க."

"ஒரு மைக்ரான் இன்னும் நல்லதாச்சே?"

"ஸ்கேலுக்கு நல்லதுங்க. உங்க மிஷின் அத்தன துல்லியமா நிக்காது. மெல்லிசா ஒண்ணு வாங்கி, டேபிளுக்குப் பின்னால மாட்டிக்கலாம்."

"பின்னால மாட்டுனா டேபிள் ஓடற தூரம் ரெண்டு சென்டிமீட்டர் கொறையுமே?"

"கொறையுங்க."

குறையும் என்ற சொல் ஆறுச்சாமிக்குப் பிடிக்கவில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஒரு மைக்ரான் கண்ணாடி ஸ்கேலே வாங்கினார். தடியானது. அதை டேபிளின் முன்பக்கம் தானே மாட்டினார், முன்பின் நகர்வதை அளக்க இன்னொன்றைப் பக்கவாட்டில் மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, மாட்டியது அழகாகத்தான் இருந்தது. ஸ்கேல் நேராக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தோம், முள் அசையவில்லை. எண்கள் பச்சையாக மின்னின. எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பத்து நாளில் இரண்டு கீல்கள் வீணாயின.

கீலில் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்ட வேண்டும். அதில் தாங்கியின் நாக்கு ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். இரண்டிலும் காடி அகன்று போயிருந்தது. இரண்டாவதை மாட்டிக்கொடுத்தபோது சாரதாமணி முழங்கையை வைத்தார், தாங்கி ஆடியது, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் அழுததாக ஆறுச்சாமி என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது அவரும் அழுதார்.

அடுத்து வந்த ஞாயிறு மூக்கு நுனியில் கோபத்தோடு வந்தார்.

"அம்மணி, ஸ்கேல் பொய் சொல்லுது."

கோகிலவாணி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வாங்க, போலாம்."

நானும் கூடப் போனேன்.

ஆறுச்சாமி வீட்டு ஷெட் வாசலில் சாரதாமணி உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி ஒரு பழைய அலுமினியத் துண்டை மெஷினில் பிடித்துக் கொடுத்தார்.

"அதே காடிய இதுல வெட்டுங்க சார். அன்னிக்கு எப்படி வெட்டுனீங்களோ அப்படியே."

பிறகு சாரதாமணியின் நாற்காலியை டிஸ்ப்ளேக்கு நேராகத் திருப்பிப் போட்டார்.

"அக்கா, மேல இருக்கற எண் டேபிள் எடது வலமா நகர்றதுக்கு. கீழ இருக்கறது முன்ன பின்ன நகர்றதுக்கு. மேல இருக்கறத மட்டும் வாசிச்சுக்கிட்டே இருங்க."

ஆறுச்சாமி மெஷினை ஓட்டினார். காடி முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று கீழ் எண் சொல்லும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதையே பார்த்தபடி கைப்பிடியைச் சுற்றினார்.

"பூஜ்யம்," என்றார் சாரதாமணி. "பூஜ்யம். பூஜ்யம். ஒம்போது. இருவத்தி ரெண்டு."

ஆறுச்சாமி சுற்றுவதை நிறுத்தவில்லை.

"எழுவது. நூத்தி நாப்பது. ஏனுங்க, இது பாட்டுக்குப் போய்ட்டே இருக்குதுங்க."

ஆறுச்சாமி மெஷினை அணைத்தார். வெட்ட வெட்ட டேபிள் பக்கவாட்டில் நழுவியிருந்தது.

"நான் மேல பாக்கவே இல்ல," என்றார்.

"பாத்திருந்தா?" என்றார் கோகிலவாணி.

"நிறுத்தியிருப்பேன்."

"நிறுத்துனா வெட்டுனது ஒட்டிக்கும்ங்களா?"

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

கோகிலவாணி குனிந்து டேபிளின் முன்பக்கத்தை விரலால் தடவினார். "இங்க ஒரு சின்னக் கைப்பிடி இருக்குமே. டேபிளு எடது வலமா அசையாம இறுக்கி வெக்கறது. எங்கீங்க சார்?"

"லாக்கா? கழட்டி வெச்சுட்டேன்."

"ஏனுங்க?"

"ஸ்கேலப் படிக்கற ஹெட்டு அந்த எடத்துலதான் வந்துச்சு. எண்ணுதான் கண்ணுக்கு முன்னால தெரியுதே, லாக் எதுக்குன்னு உட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறுச்சாமியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"அப்ப ஸ்கேல் மேல தப்பில்லியா அம்மணி?"

"அது பாத்தத பாத்தபடி சொல்லுச்சுங்க. புடிக்கறதுக்குத்தான் நீங்க எடம் உடல."

அன்று மதியம் முழுக்க வேலை நடந்தது. முன்பக்கக் கண்ணாடி ஸ்கேலைக் கழற்றினோம். கோகிலவாணி தன் பையிலிருந்து மெல்லிய காந்த ஸ்கேல் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் மாட்டினார். அஞ்சு மைக்ரான். டேபிள் ஓடும் தூரம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. கீலுக்குத் தேவையான தூரம் நான்கு சென்டிமீட்டர்தான், டேபிள் ஓட அதற்கு மேல் எவ்வளவோ மிச்சம் இருந்தது. கழற்றிய லாக்கைப் பழைய இடத்தில் பூட்டினார்.

மூன்றாவது கீலை ஆறுச்சாமி வெட்டினார். வெட்டும் முன் லாக்கை இறுக்கினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை இறுக்கிப் பார்த்தார். சாரதாமணி கேட்காமலேயே வாசிக்கத் தொடங்கினார். "பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்," என்று காடி முடியும் வரை அதுவேதான். கடைசியில் அவருக்கே அலுத்துப் போய், "இன்னுமாங்க?" என்று கேட்டார்.

தாங்கியின் நாக்கு காடியில் எண்ணெய் போட்டதுபோல் இறங்கி நின்றது. நான் ஆட்டிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன். அசையவில்லை.

வாக்கரை வாசலில் கொண்டுபோய் வைத்தோம். சாரதாமணியை நானும் கோகிலவாணியும் எழுப்பி நிறுத்தினோம். இடது முழங்கையைத் தாங்கியில் வைத்தார். வலது கையால் கம்பியைப் பற்றினார். நின்றார்.

ஆறுச்சாமி அதற்குள் கேட்டருகே போய்த் திரும்பி நின்றுகொண்டார். பத்தடி தள்ளி. மனைவியின் பாதங்களையே பார்த்தார்.

"வா சாரதா. நான் எண்ணிக்கிறேன். மொத அடி வை."

சாரதாமணி அடி எடுத்து வைக்கவில்லை. வலது கால் கொஞ்சம் முன்னே வந்தது, மறுபடி பின்னே போனது.

"வை சாரதா. ஒண்ணு."

அவர் தரையைப் பார்க்கவில்லை. வாக்கரையும் பார்க்கவில்லை. கேட்டருகே நின்ற கணவரைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

ஆறுச்சாமி ஓடிவந்தார். குனிந்து கீலைப் பிடித்து ஆட்டினார். நிமிர்ந்து தாங்கியை ஆட்டினார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. சரி என்று தலையாட்டிக்கொண்டு மறுபடி கேட்டருகே போய் நின்றார்.

"ஒண்ணு," என்றார்.

சாரதாமணி அசையவில்லை.

ஆறுச்சாமி கோகிலவாணியைப் பார்த்தார். "அம்மணி, கீல்ல ஆட்டமே இல்ல. அளவு சரியா இருக்குது. எல்லாம் சரியா இருக்குது. அப்புறம் ஏன் இவ ஒரு அடிகூட வெக்க மாட்டேங்கறா?"

கோகிலவாணி வாக்கரை விட்டுவிட்டு மெதுவாக நடந்து, கேட்டருகே அவர் நின்ற இடத்துக்குப் போனார்.

"எண்ணறத நான் பாத்துக்கறேன் சார். நீங்க போய் அக்காவப் புடிச்சுக்குங்க."