அலைவாணித் தோணியின் காவல் விதிகள்

தூத்துக்குடியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு என்னவோ அவர்கள் எல்லாரும் கரையிலேயே நின்றுவிட்டார்கள். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட அலைவாணித் தோணியில் ஏறியவர்கள் வேறு ஆட்கள்.

தோணியை நடத்துகிற தண்டல் பெயர் கயித்தான். புறப்படுகிற காலையில் முதலாளி அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். கடலில் கொள்ளையர் நடமாட்டம் இருக்கிறதாம், இதில் உள்ளபடி நடந்தால் தோணிக்கும் ஆட்களுக்கும் ஒரு குறையும் வராது, உம்மை நம்பித்தான் அனுப்புகிறேன் என்றார். தாளை எழுதியவர் சென்னையில் ஒரு பாதுகாப்பு நிபுணர். பஸ்ஸில் முன் சீட்டு கிடைக்காவிட்டால் வாந்தி எடுக்கிறவர். கயித்தானுக்கு அதெல்லாம் தெரியாது. முப்பது வருஷத்தில் முதலாளி அவரை நம்புவதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது அவருக்கு நெஞ்சு கனத்தது.

முதல் விதி, அறிமுகம் இல்லாதவரைத் தோணியில் ஏற்றக் கூடாது. அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்த சமையற்காரர் சட்டி பானையோடு கரையில் நின்றார். இவரை யாருக்காவது தெரியுமா என்று கயித்தான் மற்ற மூன்று பேரிடமும் விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. சமையற்காரருக்கும் இவர்களில் ஒருவரைத் தெரியவில்லை என்றதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அவரை விட்டுவிட்டு அரிசியை மட்டும் ஏற்றினார்கள். அரிசியை எல்லாருக்கும் முன்பே தெரியும்.

இரண்டாவது விதி, எந்நேரமும் கடல்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். ஒன்று போதும் என்கிறபோது இரண்டை வைப்பது மீறல் அல்லவா? ஒரு பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு கண்ணைக் கட்டிக்கொண்டார்கள்.

கரை மறைந்ததும் சுக்கான் பிடிக்கிற சலேத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார்.

“அதைச் சொன்னா நாம எங்க இருக்கோம்னு உமக்குத் தெரிஞ்சிரும்” என்றார் கயித்தான். “தோணி இருக்கிற இடத்தை யாருக்கும் தெரிவிக்கக் கூடாதுன்னு மூணாவதா போட்டிருக்கு.”

“நான் ஓட்டுறவன்லா?”

“ஓட்டுறவனைத் தவிரன்னு எழுத அவருக்குத் தெரியாதாவே? படிச்ச மனுஷன்.”

இன்ஜின்காரர் மாசானமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ தண்டலுக்கு மட்டும் தெரியலாமோ?” என்று கேட்டார்.

கயித்தானுக்கு வேர்த்துவிட்டது. அவர் நேர்மையான மனிதர். திசைகாட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு வெங்காய மூட்டைக்குள் புதைத்தார். எந்த மூட்டை என்பதையும் மறந்துவிட முயன்றார். அதில் அவருக்குப் பெரிய சிரமம் ஏற்படவில்லை.

மூன்று நாள் தோணி தன் இஷ்டத்துக்குப் போயிற்று. ஊறவைத்த அரிசியும் பச்சை வெங்காயமும்தான் சாப்பாடு. நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்கே தெரியாதபோது கொள்ளையருக்கு எப்படித் தெரியும் என்று கயித்தான் நிம்மதியாக இருந்தார்.

நாலாம் நாள் நடுப்பகலில் ஒரு வேகப் படகு நேராக இவர்களைப் பார்த்து வந்தது. அதில் ஐந்து பேர், ஐந்து பேர் கையிலும் துப்பாக்கி. கயித்தானுக்கு வீட்டில் இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளின் நினைவு வந்து போயிற்று. தாளை எடுத்து விரித்தார். ஆபத்து நேர்ந்தால் உடனே சங்கு ஊதவும் என்று இருந்தது. அவர் தலைக்கு மேலேயே, எட்டு மைலுக்குக் கேட்கும்படி அலறுகிற மின்சாரச் சங்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை அமுக்கத்தான் முடியும், ஊத முடியாது.

மாசானமுத்து ஊரில் சாவு விழுந்த துட்டி வீடுகளில் சங்கு ஊதுகிறவர். அவர் பெட்டிக்குள் அந்தச் சங்கு இருந்தது. எடுத்துத் துடைத்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை.

“யாருக்கு ஊத?” என்றார். “செத்தவன் இல்லாம ஊதினா தரித்திரம்.”

படகு நெருங்கிவிட்டது. அவர்கள் எறிந்த கயிறு தோணியில் வந்து விழுகிற சத்தம் கேட்டது. கயித்தான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சரக்குக்குக் காவலிருந்த பிலவேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு ஊதுங்க. நான் சும்மாதான் இருக்கேன்” என்று நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

மாசானமுத்து அடிவயிற்றிலிருந்து ஊதினார். சங்குச் சத்தம் கேட்டதும் சலேத்துக்கு நிஜமாகவே துக்கம் பொங்கிவிட்டது. பிலவேந்திரன் எவ்வளவு நல்லவன் என்று கயித்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மூட்டை மூட்டையாக இருந்த வெங்காயமும் கண்ணீருக்கு ஒத்தாசை செய்தது.

முதலில் ஏறிய கொள்ளையன் துப்பாக்கியை நீட்டியபடி வந்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் கிடந்தான். அவனைச் சுற்றிக் கண்ணைக் கட்டிய மூன்று பேர், மிச்சக் கண் சிவந்து நீர் வடிய உட்கார்ந்திருந்தார்கள். கொள்ளையன் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே பின்னால் நடந்தான். படகு சிட்டாய்ப் பறந்தது. போகிற போக்கில் ஒருவன் இரக்கப்பட்டு ஒரு கண் மருந்துப் புட்டியை வீசிவிட்டுப் போனான்.

பிலவேந்திரன் எழுந்திருக்கப் பார்த்தார்.

“படும்வே” என்றார் மாசானமுத்து. “ஊதினதைத் திருப்பி உறிஞ்சவா முடியும்?”

நியாயமாகப் பட்டது. பிலவேந்திரன் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ரோந்துப் படகு ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. நாலு நாளும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில், தூத்துக்குடி கூப்பிடு தூரத்தில் இருந்தது. கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். அதிகாரி எத்தனை பேர் என்று கேட்டதற்கு, உயிரோடு மூன்று பேர், தவறியது ஒருவர் என்று கயித்தான் சொன்னார். எப்போது தவறினார் என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

“நேத்து மத்தியானம், ஐயா” என்றார் பிலவேந்திரன். அதிகாரி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மூங்கிலில் பாடை கட்டிப் பிலவேந்திரனைக் கிடத்தினார்கள். தூக்க நாலு பேர் வேண்டும், இருந்ததோ மூன்று பேர். அறிமுகம் இல்லாதவரைக் கூப்பிடவும் முடியாது. கயித்தான் கலங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பிலவேந்திரன் பாடையை விட்டு இறங்கி, நாலாவது மூலைக்குத் தோள் கொடுத்தார்.

பாதித் தூரம் போனதும் கயித்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், கடைசியில பாரமே இல்லாமப் போயிட்டான்” என்றார்.

“நாலு நாளா சோறு ஏதுங்கேன்?” என்றார் பிலவேந்திரன், தோளை மாற்றிக்கொண்டே.