புதருக்குப் போன பஞ்சாயத்து

முள்காட்டுக் குகையில் ஒரு கழுதைப்புலிக் கூட்டம் இருந்தது. கொம்பு, குளம்பு எதையும் விட்டுவைக்காத கூட்டம். அங்கே ஒரு சட்டம்: பந்தியில் உட்கார்ந்தால் எலும்பு முடியும்வரை எழக்கூடாது. மூன்று முறை எழுந்தால் குகையை விட்டே போகவேண்டும்.

இளவட்டம் வரியன் இரண்டு முறை எழுந்தாயிற்று. இரண்டு மழைக்காலமாக அவனுக்கு வயிறு சரியில்லை. தின்றால் முறுக்கும். ரத்தமாகப் போகும். வேட்டைக்குக் கூப்பிட்டால், "வழியில புதர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பான்.

"கழுதைப்புலிக்கு வயித்துவலியா? மீனுக்கு ஜலதோஷம்னு சொல்லு, நம்புறேன்!" என்பாள் தலைவர் கடைவாயரின் மகள் செம்பி. சிரிப்பில் அவள் சத்தம்தான் பெரிது.

மூன்றாம் முறையும் எழுந்துவிட்டான். பஞ்சாயத்து கூடியது.

கடைவாயர் அவன் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு! இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்லீங்கய்யா. காலையில வலிச்சுது."

"அப்ப பொய்! வலிக்கிறப்ப வந்து காட்டு!"

மறுநாள் வலித்தது. வலித்ததால் வரமுடியவில்லை.

"வராதவன் பொய்யன்! வாங்க, புதருக்கே போய்த் தீர்ப்பைச் சொல்லுவோம்!"

பஞ்சாயத்து முழுக்கக் கிளம்பிப் போனது. வரியன் புதருக்கு வெளியே வளைந்து நின்று நெளிந்துகொண்டிருந்தான்.

"வெளியே நின்னு நடிக்கிறியா?"

"உள்ளே இடமில்லீங்கய்யா!"

"யாருடா உள்ளே?"

"அப்பா! கிட்ட வராதீங்க!" என்றது புதர். செம்பியின் குரல்! பின்னாலேயே இன்னும் இரண்டு இளங்குரல்கள் ஈனசுரத்தில், "வணக்கம் தலைவரே!" என்றன.

கடைவாயருக்கு வாய் குழறியது. "நீ பந்தியில ஒருநாளும் எழுந்ததில்லையேம்மா!"

"தின்னாத்தானே எழணும்! எலும்பைக் காலுக்கடியில தள்ளிட்டு வாயை மட்டும் அசைப்பேன். எட்டு மாசமா. பசி தாங்காம ஒளிஞ்சு கொஞ்சம் தின்னா, இந்தப் புதர்தான்."

மகள் இளைத்ததை 'ஓட்டக்காரி உடம்பு' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர்.

"ஐயா, தீர்ப்பு?" என்று ஒரு பஞ்சாயத்தார் காதைக் கடித்தார்.

"தீர்ப்பா?" கடைவாயர் புதருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "எல்லாரும் திரும்பி நில்லுங்கய்யா! செம்பி, அந்தப் பையனுக்குக் கொஞ்சம் இடம் விடும்மா!"

அன்றோடு அந்தச் சட்டம் போயிற்று. வரியன் குகையிலேயே இருந்தான்.

வெளியே தெரியாத நோய்க்குச் சாட்சி கேட்கிற ஊரில் நோயாளிகள் குறைவதில்லை, ஒளிந்துகொள்கிறார்கள்.